தொழில் அறிவு எங்கே குடியிருக்கிறது?
(சேகோ தொழிலை வைத்து ஒரு பாடம்)



மூன்று வருஷம் படித்து டிப்ளமோ வாங்குகிறோம். லேத்தின் பாகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவோம். மோட்டாரின் வேகத்துக்கும் அலைவெண்ணுக்கும் உள்ள தொடர்பைச் சூத்திரமாக எழுதி மார்க் வாங்குவோம். அதன் பிறகு ஆத்தூர்ப் பக்கமோ தலைவாசல் பக்கமோ ஒரு சேகோ ஃபேக்டரியில் முதல் நாள் வேலைக்குப் போய் நின்றால், பத்தாவது தாண்டாத ஒரு அண்ணன் மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே, "பேரிங் போகப் போவுது தம்பி, கழட்டிப் பாரு" என்கிறார். கழற்றிப் பார்த்தால் போயிருக்கிறது!

இதைச் சிலர் அவமானமாக நினைத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், "அதெல்லாம் அனுபவங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அனுபவம் என்றால் என்ன? அந்த அறிவு அண்ணனின் காதில் இருக்கிறதா, மூளையில் இருக்கிறதா, அல்லது அவரோடு வேலை செய்யும் பத்துப் பேர் நடுவில் இருக்கிறதா? இந்தக் கேள்வியை வைத்து உலகப் பல்கலைக்கழகங்களில் சென்ற அரை நூற்றாண்டாக ஆராய்ச்சி நடந்து வருகிறது. அதில் நமக்கு வேண்டியதை மட்டும் நம் ஊர்ச் சரக்கோடு சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் ஊர்ச் சரக்கு என்றால் ஜவ்வரிசிதான், வேறென்ன!

கடல் கடந்து வந்த கைப்பக்குவம்

குச்சிக்கிழங்கு நம் மண்ணில் பிறந்த பயிர் அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகக் கேரளத்துக்கு வந்தது. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார். ஆனால் கிழங்கு இருந்தால் மட்டும் ஜவ்வரிசி வந்துவிடாது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு நம் நாட்டு ஜவ்வரிசி பெரும்பாலும் மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலில் வந்தது. போர் வந்து கப்பல் நின்றது. சரக்கும் நின்றது.

அப்போதுதான், 1943-ல், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் தொழில் விஷயமாகக் கேரளம் போய்வந்த இடத்தில் மரவள்ளி மாவைப் பற்றி அறிந்தார். பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவருக்கு அந்த மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் விதம் தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்து மிக எளிய முறையில் சேலத்தில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே வெங்கடாசலக் கவுண்டர் என்ற கைதேர்ந்த மெக்கானிக் அந்தத் தொழிலுக்கு ஏற்ற இயந்திரங்களை இங்கேயே உருவாக்கித் தந்தார். உற்பத்தி பல மடங்கு உயர்ந்தது.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். ஒருவருக்குச் சந்தை தெரியும். ஒருவருக்குப் பக்குவம் தெரியும். ஒருவருக்கு இரும்பு தெரியும். மூன்றும் ஒரே ஆளிடம் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்று பேரும் ஒரே கொட்டகையில் நின்றபோதுதான் அது ஒரு தொழிலாயிற்று.

1944-ல் பஞ்சம். கிழங்கு ஏழைகளின் சாப்பாடு ஆயிற்றே என்று மாவட்ட நிர்வாகம் சேகோவுக்குத் தடை போட்டது. அதுவரை தனித்தனியாக நடத்திக்கொண்டிருந்த உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, மேலிடத்தில் முறையிட்டு உத்தரவை நீக்கச் செய்தார்கள். பின்னால் 1981-ல் சேகோசர்வ் என்று நாம் எல்லோரும் சொல்லும் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சரக்கை வைக்கக் கிடங்கு, வைத்த சரக்கின் பேரில் முன்பணம், இடைத்தரகரின் பிடியிலிருந்து விடுபட ஏல விற்பனை என்று அது ஏற்பாடு செய்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. போட்டியாளர்கள்தான் இவர்கள். ஆனாலும் எந்த விஷயத்தில் போட்டி, எந்த விஷயத்தில் கூட்டு என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள். நாமக்கல் லாரி பாடி பில்டிங் பட்டறைகளையும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களையும் கவனித்தால் அங்கேயும் இந்தப் போக்கு தெரியும். இங்கிலாந்தின் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே இதை எழுதிவிட்டார். ஒரே தொழில் ஒரே ஊரில் குவிந்துவிட்டால் அத்தொழிலின் நுணுக்கம் அந்த ஊர்க் காற்றிலேயே கலந்துவிடுகிறது, குழந்தைகள் கூட அறியாமலே கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து.

ஓரமாக நிற்கும் உரிமை

காற்றில் கலந்த அறிவு ஒருவன் கைக்கு எப்படி இறங்குகிறது? இதற்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர். 1970களில் ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டில் தையற்காரர்களின் பட்டறைகளில் அவர் நெடுநாள் ஆய்வு செய்தார். அங்கே வாத்தியார் இல்லை, கரும்பலகை இல்லை, பரீட்சை இல்லை. ஆனாலும் சேர்ந்த பையன்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல தையற்காரர்களாக வெளியே வந்தார்கள். எப்படி?

அவர் கண்ட ஒரு சங்கதி என்னை மிகவும் கவர்ந்தது. உடுப்பு தயாராவது முதலில் துணி வெட்டுவது, பிறகு தைப்பது, கடைசியில் பொத்தான் வைத்து ஓரம் மடிப்பது என்ற வரிசையில். பையன் கற்பதோ தலைகீழ் வரிசையில்! முதலில் பொத்தான், ஓரம். பிறகு தையல். கடைசியில்தான் கத்தரிக்கோல் கைக்கு வரும். ஏனென்றால் பொத்தானில் தவறினால் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். வெட்டில் தவறினால் துணி போச்சு. அது மட்டுமல்ல, பொத்தான் வைக்கும்போதே முழு உடுப்பும் பையனின் மடியில் கிடக்கிறது. முடிந்த பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பது முதல் நாளிலேயே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நம் பக்கத்துத் தம்மம்பட்டியில் மரச்சிற்பப் பட்டறைக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், கட்டையின் மேல் முதல் கோடு போடுபவர் யார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர் யார் என்று கவனித்துப் பாருங்கள்.

லேவும் எட்டியென் வெங்கர் என்பவரும் சேர்ந்து 1991-ல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார்கள். ஒரே தொழிலைக் கூடிச் செய்துகொண்டே, அதைப் பற்றிப் பேசிக்கொண்டே, புதியவர்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் கூட்டத்துக்கு அதில் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் 'தொழில்வழிச் சமூகம்' என்று வைத்துக்கொள்வோம். புதியவன் அதில் முதல் நாளே நடுவில் உட்கார முடியாது. ஓரத்தில்தான் இடம். ஆனால் அந்த ஓரத்தில் நிற்க அவனுக்கு உரிமை உண்டு. எடுபிடி வேலையானாலும் அது நிஜ வேலை. அவன் கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது, காதுக்கு எல்லாம் கேட்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகர்கிறான். கற்றல் என்பதே இந்த நகர்ச்சிதான் என்பது அவர்கள் வாதம். (வெங்கர் 1998-ல் தனியாக எழுதிய பெரிய புத்தகம் இன்னும் விரிவானது, படிக்கக் கொஞ்சம் வறட்சியானது. முதலில் சின்னதைப் படியுங்கள்!)

அந்த ஓரம் தவறான இடத்தில் அமைந்துவிட்டால் என்ன ஆகும்? அதே புத்தகத்தில் அமெரிக்கக் கறிக்கடைப் பயிற்சியாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வும் வருகிறது. சூப்பர் மார்க்கெட்டில் கறி வெட்டப் பழக வந்த பையன்களை, வெட்டிய கறியைப் பொட்டலம் கட்டும் மெஷினில் போட்டுவிட்டார்கள். மெஷின் ஓர் அறையில், தேர்ந்தவர்கள் வெட்டும் மேஜை வேறோர் அறையில். பையன் பொட்டலம் கட்டுவதில் கெட்டிக்காரன் ஆனான். அவனை அங்கிருந்து நகர்த்தினால் கடைக்கு நஷ்டம், ஆகவே நகர்த்தவில்லை. வெட்டுவதை அவன் பார்க்கவே இல்லை. நடுவில் ஒரே ஒரு சுவர்தான், படிப்பு நின்றுவிட்டது.

நண்பர்களே, நம் இன்பிளான்ட் டிரெய்னிங்கை நினைத்துக்கொள்ளுங்கள்! பல இடங்களில் நம்மை எங்கே நிறுத்துகிறார்கள்? கேட் பக்கத்தில் ஒரு பெஞ்ச். கையில் ரெஜிஸ்டர். இல்லாவிட்டால் ஸ்டோரில் நட்டு போல்ட்டு எண்ணும் வேலை. "தம்பி, அந்தப் பக்கம் போவாதீங்க, ஏதாச்சும் ஆயிடப்போவுது" என்ற அன்பான தடை வேறு. பதினைந்து நாள் கழித்து சர்டிபிகேட்டும் ரெக்கார்டு நோட்டும் சுத்தமாக இருக்கும். நாம் பார்த்தது மட்டும் பூஜ்யம். கம்பெனிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நாம் கேட்க வேண்டியது வேலை அல்ல, இடம். மெயின்டனன்ஸ் ஆள் பழுது பார்க்கும்போது பக்கத்தில் டார்ச் பிடிக்கும் இடம் ஒன்று கிடைத்தால், ஸ்டோரில் கிடைக்கும் நாற்காலியை விட அது ஆயிரம் மடங்கு மேல். டார்ச் பிடிப்பது நிஜ வேலை. அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் வெளிச்சம் அடிக்க வேண்டும். ஆகவே அவர் எங்கே பார்க்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

கதை பேசும் மெக்கானிக்குகள்

பார்த்தால் மட்டும் போதுமா? பேச்சும் வேண்டும். ஜூலியன் ஆர் என்பவர் ஜெராக்ஸ் கம்பெனியின் சர்வீஸ் மெக்கானிக்குகளோடு கூடவே திரிந்து ஆராய்ந்து, 1996-ல் ஒரு புத்தகம் எழுதினார். கம்பெனி அவர்களுக்குத் தடிமனான மானுவல் கொடுத்திருந்தது. இந்தப் பழுது என்றால் இந்தப் பாகத்தைப் பார், அது சரியென்றால் அடுத்ததைப் பார் என்று படிப்படியாக எழுதிய மானுவல். ஆனால் மெஷின் மானுவலைப் படித்துவிட்டா கெடுகிறது? ஈரப்பதம், மட்டக் காகிதம், ஆபீசில் அதை உபயோகிக்கும் விதம் எல்லாம் சேர்ந்து புதுப் புதுக் கோளாறு உண்டாகிறது. மெக்கானிக்குகள் சாப்பாட்டு வேளையில் கூடி, "அன்னிக்கு ஒரு மெஷின் என்ன பண்ணுச்சு தெரியுமா?" என்று கதை பேசினார்கள். மேலதிகாரிகளுக்கு அது வெட்டிப் பேச்சு. ஆர் கண்டது என்னவென்றால், பழுது பார்க்கும் அறிவின் பெரும்பகுதி அந்தக் கதைகளில்தான் வாழ்ந்தது.

பிறகு 1990களில் அந்தக் கம்பெனி 'யுரேகா' என்ற ஏற்பாட்டைச் செய்தது. மெக்கானிக் தான் கண்டுபிடித்த வழியை எழுதி அனுப்புவார். சக மெக்கானிக்குகளே சோதித்துப் பார்ப்பார்கள். சரி என்றால் எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். பெயர் போட்டது சாதாரண விஷயமல்ல. நல்ல மெக்கானிக் என்ற மதிப்பு தன் கூட்டத்துக்குள் கிடைக்கிறதே, அதுதான் சம்பளத்துக்கு மேலான கூலி. இதைப் பார்த்துப் பிற்காலத்தில் பல கம்பெனிகள், "இனி நீங்களெல்லாம் ஒரு தொழில்வழிச் சமூகம், மாதம் ஒருமுறை கூடி அறிவைப் பகிரவும்" என்று உத்தரவே போட்டன. உத்தரவு போட்டு மாமன் மச்சான் உறவு உண்டாக்க முடியுமா? டீயும் பிஸ்கட்டும் தீர்ந்ததும் கூட்டம் கலைந்ததுதான் பல இடங்களில் மிச்சம்.

இந்த இடத்தில் ஹங்கேரியில் பிறந்த மைக்கேல் பொலானி என்ற அறிஞரையும் சொல்ல வேண்டும். நாம் அறிந்ததில் வாயால் சொல்ல முடிந்தது கொஞ்சமே என்பதை 1966-ல் ஒரு நூலில் விளக்கினார். சேகோ ஃபேக்டரியில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தொட்டியில் படிந்த ஈரமாவை எடுத்து, உதிர்த்து, குலுக்கி உருட்டி, சலித்து, சூடான தட்டில் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ, களத்தில் காயப்போடுகிறோம். மாவில் ஈரம் அதிகமென்றால் கட்டி தட்டும், குறைந்தால் உருண்டை பிடிக்காது. எத்தனை ஈரம் சரி என்று கேளுங்கள். பழகிய ஆள் ஒரு பிடி மாவை எடுத்து உள்ளங்கையில் அழுத்திக் காட்டுவார். "சொன்னாப் புரியாது தம்பி, நீ கையை வச்சுப் பாரு." அவர் மறைக்கவில்லை. சொல்லத்தான் சொல் இல்லை. ஈரத்தை அளக்க மீட்டர் உண்டு, நாம் அதைக் கற்றவர்கள். அவர் கையையும் நம் மீட்டரையும் ஒரே மாவில் வைத்துப் பார்த்துக் குறித்தால் அது ஒரு நல்ல பிராஜெக்ட் ஆகும்.

எதைப் பகிர்கிறோம், யாரோடு?

இதுவரை படித்தவர்களுக்குப் பகிர்தல் என்றாலே நல்லது என்று தோன்றியிருக்கும். அப்படியில்லை. குச்சிக்கிழங்கையே பாருங்கள். அதை விதை போட்டுப் பயிர் செய்வதில்லை, போன பயிரின் தண்டுதான் விதைக்குச்சி. நல்ல விளைச்சல் கண்டவரிடம் அக்கம்பக்கத்தார் குச்சி கேட்டு வாங்கி நடுவது வழக்கம். திருவனந்தபுரத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1971-ல் வெளியிட்ட ஹெச்-226 போன்ற ரகங்கள் இந்தப் பக்கம் பரவியதும் இப்படிக் கைமாறித்தான். அதே குச்சியில் தேமல் நோயும் சேர்ந்து கைமாறியது! கொடுத்தவர் நல்ல மனசோடுதான் கொடுத்தார்.

தொழிலிலும் இதுவே. ஜவ்வரிசி பளீரென்று வெள்ளையாக இருந்தால்தான் விலை போகும் என்று சந்தை கேட்டபோது, வெளுக்க ரசாயனம் போடும் வித்தையும் மக்காச்சோள மாவு கலக்கும் வித்தையும் இதே டீக்கடைப் பேச்சு வழியாகத்தான் பரவின. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனையிட்டுச் சரக்கைக் கைப்பற்றிய செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். மறுபக்கம், கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து ஃபேக்டரியை ஓட்டலாம் என்ற நல்ல செய்தியும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதுதான். சாலை ஒன்றுதான், எந்த வண்டி போகிறது என்பதைச் சாலை பார்ப்பதில்லை.

இன்னொன்று, யார் கூட்டத்துக்குள், யார் வெளியே? லேவும் வெங்கரும் அதிகாரத்தைப் பற்றி எழுதாமல் இல்லை, ஆனால் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம். நம் ஊரில் தொழில் நுணுக்கம் மாமன், மச்சான், பங்காளி என்று சொந்தத்துக்குள் ஓடும். சொந்தத்துக்கு வெளியே இருப்பவனுக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. கிழங்குக்குத் தோல் சீவுகிற பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிடுங்கி இரண்டு மூன்று நாளானால் கிழங்கின் உள்ளே கருநீலக் கோடு ஓட ஆரம்பிக்கும். அதை முதலில் காணும் கண் அவர்களுடையது. எந்த லோடு பழசு, எது புதுசு என்று சீவுகிற அக்காவுக்குத் தெரியும். அவரிடம் யாராவது கேட்கிறார்களா? கூலியைக் கணக்குப் போடுவதோடு சரி.

வெளியே நிற்கும் மற்றொருவர் விவசாயி. ஆனால் அவரையும் சேர்த்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சமீபத்து உதாரணம் உண்டு. 2020-ல் ஒரு புதிய மாவுப்பூச்சி மரவள்ளியைத் தாக்கியது. ஆப்பிரிக்காவில் முன்பு இதே பூச்சி பெரும் நாசம் செய்தபோது, தென் அமெரிக்காவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுபோய் விட்டு அடக்கினார்கள். அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் வரவழைத்துப் பெருக்கினார்கள். 2022-ல் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் அது விவசாயிகள் கைக்கு வந்தது. குளவியை விட்ட வயலில் மருந்தடித்தால் குளவியும் சாகும். ஆகவே ஒருவர் மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை, பக்கத்து வயல்காரருக்கும் விஷயம் புரிந்தாக வேண்டும்.

கடைசியாக நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட ஒன்று: பாயிண்ட். நம் அப்பா, சித்தப்பாமார் கிழங்கு லோடு கொண்டுபோனால் மாவுச்சத்து இத்தனை பாயிண்ட் என்று அளந்து, அதன்படி விலை போடுகிறார்கள். ஒரு பாயிண்ட் குறைந்தால் லோடுக்கே பணம் குறையும். "எப்படிங்க இத்தனை வந்துச்சு?" என்று கேட்டால், "மிஷின் காட்டுதுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த அளவையின் தத்துவத்தில் ரகசியம் எதுவுமில்லை. முதலாம் ஆண்டு இயற்பியலில் படித்த ஆர்க்கிமிடிஸ்தான்! மாவுச்சத்து தண்ணீரை விட அடர்த்தியானது. சத்து கூடினால் கிழங்கின் ஒப்படர்த்தி கூடும், தண்ணீருக்குள் எடையும் கூடும். 5 கிலோ கிழங்கு தண்ணீருக்குள் 500 கிராம் எடை காட்டினால், ஒப்படர்த்தி 5-ஐ 4.5-ஆல் வகுத்தால் வரும் 1.11. அதிலிருந்து சத்தின் அளவைச் சொல்ல அட்டவணை இருக்கிறது. கிழங்கில் மண் ஒட்டியிருந்தாலோ, கூடையில் காற்றுக் குமிழி தங்கினாலோ, வெறுங்கூடையின் எடையைச் சரியாகக் கழிக்காவிட்டாலோ கணக்கு மாறும்.

இதைச் செய்து காட்ட லேப் கூட வேண்டாம். பெரிய வாளி ஒன்று, ஸ்பிரிங் தராசு ஒன்று, வலைப் பை ஒன்று, ஐந்து கிலோ கிழங்கு. வருகிற அறுவடை சீசனில் பேரவை சார்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெங்கவல்லி சந்தைப் பக்கம் ஒரு மேஜை போடலாம். விவசாயிகள் தங்கள் கிழங்கையே கொண்டுவரட்டும். அளப்பதை நாம் செய்ய வேண்டாம். தராசை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நாம் ஓரமாக நிற்கலாம்.